மூணு டன் தண்ணியும் ஒரு வளைகாப்பு போட்டோவும்!

ஒரு சின்னக் கேள்வி ஃப்ரெண்ட்ஸ். உங்க வீட்டுல ஹவுஸிங் லோன் இருக்கா? 'ஆமா'ன்னா, அந்த லோன் ஃபைலை என்னிக்காவது திறந்து பார்த்திருக்கீங்களா?

பார்த்திருக்க மாட்டீங்க. நம்ம வீடுகள்ல அந்த ஃபைல் சாமி படத்துக்கு அடுத்தபடியா மரியாதை வாங்குற ஐட்டம். பீரோவுல, பட்டுப் புடவைக்கு அடியில, ரப்பர் பேண்ட் போட்டுப் படுத்திருக்கும். மாசா மாசம் இ.எம்.ஐ. கட்டுவோம். ஃபைலைத் தொட மாட்டோம். ஆனா, அந்தக் கட்டுக்குள்ள எங்கேயோ ஒரு ஓரத்துல, புயலடிச்சா உங்க வீட்டைத் திரும்ப எழுப்பித் தர்றதா எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு பேப்பர் இருக்கலாம். லோன் கொடுக்கும்போதே நிறைய பேங்குகள் வீட்டுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் போட்டு, பிரீமியத்தையும் பிடிச்சுடுவாங்க. அது இருக்கிறதே தெரியாம ஒரு குடும்பம் வாழ்ந்துக்கிட்டு இருக்கும்.

அப்படி ஒரு குடும்பம், விழுப்புரத்துல எங்க குடும்பம்.

'இன்ஷூரன்ஸா? ஆளு போனாத்தான் வரும்!'

2024 நவம்பர் 30 ராத்திரி, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை கடந்தது. 'கடந்தது'ன்னு சொல்றதே ஒரு ஃபார்மாலிட்டிதான். கரையேறினது நகராம அங்கேயே பல மணி நேரம் நின்னு கொட்டித் தீர்த்துச்சு. புதுச்சேரியிலயும் எங்க மாவட்டத்து மயிலத்துலயும் 24 மணி நேரத்துல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அரை மீட்டர்! கிட்டத்தட்ட முழங்கால் உயரத் தண்ணியை வானம் ஒரே நாள்ல ஊத்தியிருக்கு.

நான் சென்னையில ஹாஸ்டல்ல இருந்தேன். சிவில் இன்ஜினீயரிங் ரெண்டாம் வருஷம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வீட்டுல யார் போனும் எடுக்கலை. கடைசியில பக்கத்துத் தெரு சித்தப்பா நம்பர்ல இருந்து அம்மா பேசினாங்க. "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். நீ சாப்டியா?"

வீட்டுக்குள்ள தண்ணி நிக்கும்போதும் 'சாப்டியா'ன்னு கேட்கிற அந்த ஜாதியைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன!

விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் நடுவுல ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டதால, திங்கள்கிழமை ரயில்கள் கேன்சல். செவ்வாய்க்கிழமை பஸ் பிடிச்சு, திண்டிவனம் வழியா ஊர் போய்ச் சேர்ந்தேன். தெருவுல தண்ணி வடிஞ்சு சேறு மட்டும் இருந்தது. எங்க வீட்டு காம்பவுண்டு சுவர் 42 அடி நீளத்துக்கு உள்பக்கமா படுத்திருந்தது. மாடிப்படி ரூமோட ஷீட் கூரையைக் காணோம். மூணு வீடு தள்ளி ஒரு முருங்கை மரத்துல அது மாட்டியிருந்ததை அப்புறமா கண்டுபிடிச்சோம். ஹால்ல சுவத்தைச் சுத்தி, முழங்காலுக்குக் கீழ ஒரே மட்டத்துல ஒரு பழுப்புக் கோடு. தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு அதுவே போட்டுட்டுப் போன கையெழுத்து.

அப்பா அரசு பஸ் கண்டக்டர். 28 வருஷ சர்வீஸ். 2022-லதான் லோன் போட்டு இந்த வீட்டை வாங்கினார். புதுசு இல்லை, வேற ஒருத்தர் கட்டி வாழ்ந்த வீடு. அதுக்கே ஊரைக் கூட்டிப் பால் காய்ச்சினோம். அன்னிக்குத் திண்ணையில உட்கார்ந்து விழுந்த சுவரையே பார்த்துக்கிட்டு இருந்தார். "ஒரு லட்சத்துக்கு மேல ஆகும் பாப்பா... கூட்டுறவு சங்கத்துல கேட்டுப் பார்க்கணும்."

ஏற்கெனவே அக்கா கல்யாணத்துக்கு வாங்கின சொசைட்டி லோனே முடியலை. அதுக்கு மேல இன்னொண்ணு!

"வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எதுவும் போட்டிருக்கீங்களாப்பா?"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்ஷூரன்ஸா? அது ஆளு போனாத்தாம்மா வரும்!"

4,000 எஸ்.எம்.எஸ். வாழ்க!

பீரோ ஃபைல் நனைஞ்சு அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தது. ஒவ்வொரு தாளா ஃபேன் காத்துல பிரிச்சா, லோன் ஸ்டேட்மென்ட்ல முதல் மாசத்துல ஒரு வரி. சொத்து இன்ஷூரன்ஸ் பிரீமியம், 7,350 ரூபாய். பாலிசி நம்பர் இல்லை, கம்பெனி பேர் இல்லை. அந்த ஒரு வரிதான்.

பேங்குக்கு ஓடினேன். கவுன்ட்டர்ல இருந்தவர், "வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையாம்மா?"ன்னு கேட்டார். "பெரியவங்க சேறு அள்ளிட்டு இருக்காங்க சார்"னேன். பத்து நிமிஷம் கம்ப்யூட்டரைத் தட்டிட்டு, "பாலிசி அப்பவே மெயில்ல வந்திருக்குமே..."ன்னார். எங்க அப்பாவுக்கு மெயில் ஐடியே கிடையாது. லோன் ஏற்பாடு செஞ்ச ஏஜென்ட் தன்னோட ஐடியை எழுதிக் கொடுத்திருக்கார். எங்க வீட்டுப் பாலிசி ரெண்டு வருஷமா அவரோட இன்பாக்ஸ்ல குடியிருந்திருக்கு. வாடகைகூடத் தரலை!

அங்கேதான் அப்பாவோட ஒரு 'நல்ல பழக்கம்' கைகொடுத்தது. அவர் எஸ்.எம்.எஸ். எதையும் டெலிட் பண்ண மாட்டார். படிக்கவும் மாட்டார்! போன்ல நாலாயிரத்துச் சொச்சம் மெசேஜ். காலர் ட்யூன் விளம்பரம், லாட்டரி பரிசு விழுந்ததா சொல்ற டுபாக்கூர், கேஸ் புக்கிங்... இதுக்கு நடுவுல 'பாலிசி'ன்னு தேடினா, 2022-லயே வந்து உட்கார்ந்திருக்கு. கம்பெனி பேர், பாலிசி நம்பர் எல்லாம். அன்னிக்கே டோல் ஃப்ரீ நம்பருக்கு போன் போட்டுப் புயல் சேதத்தைச் சொல்லி, கிளெய்ம் நம்பர் வாங்கினோம். அது டிசம்பர் 4.

பாலிசி காப்பி வந்ததும் ராத்திரி உட்கார்ந்து வரி வரியாப் படிச்சேன். செமஸ்டர் புக்கைக்கூட அப்படிப் படிச்சதில்லை. பேரு 'பாரத் கிருஹ ரக்ஷா'. நாட்டுல இருக்கிற எல்லா ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் வீடுகளுக்கு ஒரே மாதிரியான பாலிசி ஒண்ணை விற்கணும்னு இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவு போட்டு, 2021 ஏப்ரல் 1-லேருந்து அமலுக்கு வந்த திட்டம். தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம், மண்சரிவு, மரம் விழுறது... எல்லாமே லிஸ்ட்டுல இருந்தது. காம்பவுண்டு சுவர், கேட், தண்ணித் தொட்டி, செப்டிக் டேங்க், சோலார் பேனல் எல்லாமே 'வீடு'ங்கிற வார்த்தைக்குள்ள அடக்கம்.

இன்னொரு மேட்டர். வீட்டுக் கட்டடத்துக்கு எவ்வளவு காப்பீடோ, அதுல 20 சதவிகிதம் வரைக்கும் உள்ளே இருக்கிற சாமான்களுக்குத் தானாவே கவர் உண்டு. அதிகபட்சம் பத்து லட்சம். தனியா லிஸ்ட் கொடுத்திருக்க வேண்டியதில்லை. எங்க கட்டடத்துக்கு 15 லட்சம். அப்போ சாமானுக்கு மூணு லட்சம்.

பிரீமியம் 7,350 ரூபாய் பத்து வருஷத்துக்குச் சேர்த்து. கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு ரெண்டு ரூபா. டீக்கடையில ஒரு பன்னுகூட வராது!

அம்மா கேட்டாங்க, "இன்னாத்துக்குடி இதை எவனும் நம்மகிட்ட சொல்லலை?"

என்கிட்ட பதில் இல்லை.

சர்வேயர் பராக்... பராக்!

எங்க காலேஜ்ல 'சர்வேயிங்'னு ஒரு பேப்பர் உண்டு. முக்காலி மேல தியோடலைட்டை வெச்சுக்கிட்டு, உச்சி வெயில்ல கிரவுண்டைச் சுத்தி வருவோம். இன்ஷூரன்ஸ்ல வர்ற சர்வேயர் வேற. சேதம் எவ்வளவு, அது பாலிசிக்குள்ள வருதா, எவ்வளவு கொடுக்கலாம்னு மதிப்புப் போடுறவர். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. லைசென்ஸ் உள்ளவர். 2024-ல வந்த விதிப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்துல சர்வேயரை நியமிக்கணும். அவர் 15 நாள்ல ரிப்போர்ட் தரணும். ரிப்போர்ட் வந்த ஏழு நாள்ல கம்பெனி முடிவு சொல்லணும்.

அவர் வர்றதுக்குள்ள வீட்டுக்குள்ள ஒரு யுத்தம். நகராட்சி டிராக்டர் தெருவுல வந்து நின்னு, நனைஞ்ச மெத்தை, கட்டில் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு இருந்தது. எங்க வீட்டு மெத்தை அடிச்ச நாத்தத்துல தெருநாய்கூடக் கிட்ட வரலை. "தூக்கிப் போடுடி முதல்ல!"ன்னு அம்மா கத்த, "சர்வேயர் பார்க்கிற வரைக்கும் எதையும் போடக் கூடாதும்மா"ன்னு நான் வாசல்ல குறுக்கே நிக்க, அப்பா ரெண்டு பக்கமும் டிக்கெட் கொடுக்காம நடுவுல நின்னார். ஒரு வழியா எல்லாத்தையும் மொட்டை மாடிக்கு ஏத்தினோம். சுவத்துல இருந்த பழுப்புக் கோட்டை மட்டும் யாரும் துடைக்கக் கூடாதுன்னு ஆர்டர் போட்டேன். டேப்பை வெச்சு அளந்து, ஒவ்வொரு ரூமா போட்டோ எடுத்தேன்.

செலவுக்கு எஸ்டிமேட் கேட்டப்போ, மேஸ்திரி காலண்டர் தாளைக் கிழிச்சு அதோட முதுகுல 'சுவரு வேலை 78,000'னு எழுதி நீட்டினார். எவ்வளவு நீளம், எவ்வளவு செங்கல், எத்தனை மூட்டை சிமென்ட்டுன்னு பிரிச்சு எழுதினாத்தான் செல்லும். அவர் சொல்லச் சொல்ல நானே எழுதி, அவர்கிட்ட கையெழுத்து வாங்கினேன். சுவர் 78,000, மாடிப்படி ரூம் கூரை 34,000, வயரிங் 22,000, ஊறிப்போன ரெண்டு கதவு 16,000, பெயின்ட்டிங் 28,000. சாமான்ல ஃப்ரிட்ஜ் 18,000, வாஷிங் மெஷின் 14,000, கட்டில் மெத்தை 21,000, மிக்ஸி கிரைண்டர் 7,500, அம்மாவோட தையல் மெஷின் 12,500. மொத்தம் 2,51,000.

டிசம்பர் 6-ம் தேதி சர்வேயர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். நாலு நாளா இதே வேலையா சேத்துல நடந்த களைப்பு முகத்துல தெரிஞ்சது. மோர் கொடுத்தோம். ஒரு மணி நேரம் எல்லாத்தையும் தொட்டுப் பார்த்தார். சுவர்கிட்ட மட்டும் ரொம்ப நேரம் நின்னார். "இது பழைய சுவராச்சே..."ன்னார். அந்த 'ஆச்சே'வுல எனக்கு அப்பவே வயித்தைக் கலக்குச்சு.

'டி.வி-யையும் சேர்த்துக்கோ!'

சர்வேயர் வர்றதுக்கு முந்தின நாள் எதிர்வீட்டு மாமா ஒரு ஐடியா கொடுத்தார். "எப்படியும் அவனுங்க பாதியா வெட்டுவானுங்க. நீ டி.வி., கம்ப்யூட்டர் எல்லாம் போச்சுன்னு சேர்த்து எழுதும்மா. அப்பத்தான் உள்ளது வரும்."

கேட்கிறதுக்கு லாஜிக்காத்தான் இருக்கு, இல்லையா? நாலு பேர்ல மூணு பேர் இதைத்தான் சொல்வாங்க. டி.வி. சுவத்துல மேல மாட்டியிருந்ததால அதுக்கு ஒண்ணும் ஆகலை. அம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டுச் சொன்னாங்க: "அது நல்லா ஓடுது. ஓடுறதை எப்படிடி போச்சுன்னு எழுதுறது? எழுதின அன்னிக்கே அது நின்னுடும்."

அம்மா சொன்னது நம்பிக்கை. பாலிசியில இருக்கிறது சட்டம். ஒரு இடத்துல பொய் சொன்னா மொத்த கிளெய்மையும் நிராகரிக்கலாம். டி.வி-க்கு ஆசைப்பட்டு சுவரையும் விடணும்.

ஆனா, அம்மாவுக்கு வேற ஒரு இழப்பு இருந்தது. அவங்க வீட்டுலயே பிளவுஸ் தைக்கிறாங்க. தைக்க வந்த 23 பேரோட துணி, கீழ் ஷெல்ஃப்ல இருந்து நனைஞ்சு சாயம் ஏறிப்போச்சு. அதுல ரெண்டு முகூர்த்தப் பட்டு. சர்வேயர் அதைப் பார்த்துட்டு மெதுவாத்தான் சொன்னார். "அம்மா, இது உங்க பொருள் இல்லை. தொழிலுக்கு வந்தது. இது வீட்டுப் பாலிசி. இந்த மெஷினும் தொழில் சாமான் கணக்குல போயிடும்."

கரன்ட் பில், ரேஷன் கார்டு எல்லாத்துலயும் அம்மா 'குடும்பத் தலைவி'. அன்னிக்குத்தான் முதல் தடவையா ஒரு அதிகாரி அவங்களைத் 'தொழில் செய்றவங்க'ன்னு ஒத்துக்கிட்டார். அதுவும் காசு இல்லைன்னு சொல்றதுக்கு!

என் பத்தாவது மார்க் ஷீட்டும் ஊறிப்போயிருந்தது. அதுக்கும் பாலிசியில இடமில்லை. ரொக்கம், சர்டிஃபிகேட், பத்திரம், வண்டி எதுவும் இதுல வராது. வண்டிக்கு அதோட இன்ஷூரன்ஸ் தனி.

பாஸ்கல் வந்தார், காப்பாத்தினார்!

டிசம்பர் 24. கம்பெனியில இருந்து லெட்டர். ஒதுக்கின தொகை 1,40,000.

கணக்கைப் பிரிச்சா இப்படி இருந்தது. பெயின்ட்டிங்கில் 16,000 வெட்டு. தையல் மெஷின் கிடையாது. பழைய சாமானை நாமே வெச்சுக்கிறதால அதோட காயலாங்கடை மதிப்பு 4,500 கழிவு. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. காம்பவுண்டு சுவருக்குப் பூஜ்யம். காரணம்: 'சுவர் முன்பே சாய்ந்திருந்தது. பழமையினால் ஏற்பட்ட தேய்மானம்.'

அப்பா லெட்டரை மடிச்சார். "வந்தவரைக்கும் லாபம். கையெழுத்து போட்டுடலாம் பாப்பா."

எனக்கு மனசு கேட்கலை. அந்தச் சுவர் பழசுதான். ஆனா, சாயலை. இதை எப்படி நிரூபிக்கிறது? விழுந்த சுவர் நின்ன கதையை யார் சொல்வா?

அக்காவோட வளைகாப்பு சொல்லுச்சு!

செப்டம்பர்ல வீட்டு வாசல்ல பந்தல் போட்டு வளைகாப்பு நடந்தது. ஆல்பத்தை எடுத்தேன். அக்கா கன்னத்துல சந்தனத்தோட சிரிக்கிறா. அத்தைங்க வரிசையா வளையல் அடுக்குறாங்க. அவங்களுக்குப் பின்னால, யாருமே பார்க்காத பேக்ரவுண்டுல, எங்க காம்பவுண்டு சுவர். பந்தல் காலுக்குப் பக்கத்துல, அதுக்கு இணையா நேரா நிக்குது. ஒரு விரிசல் இல்லை. போட்டோகிராபர் அண்ணன்கிட்ட தேதியோட ஒரிஜினல் ஃபைலைக் கேட்டு வாங்கினேன். அதே ஆல்பத்துல ஃப்ரிட்ஜ், கட்டில் எல்லாமே அங்கங்கே தலைகாட்டினது போனஸ்.

சரி, நேரா நின்ன சுவர் ஏன் விழுந்தது? இங்கேதான் என் அரியர் பயம் காட்டின ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் கைகொடுத்தது. பக்கத்துல காலி மனை. ஏரி நிரம்பி வழிஞ்ச தண்ணி அங்கே ராத்திரியே தேங்கிடுச்சு. மனையோட அடுத்த பக்கத்து வீட்டுச் சுவத்துல இருந்த கறையை அளந்தா, எங்க சுவருக்கு வெளிப்பக்கம் 70 சென்டிமீட்டர் தண்ணி நின்னிருக்கு. எங்க பக்கம் கேட் வழியா தெருவுக்கு வடிஞ்சதால, சுவர் விழுற வரைக்கும் உள்ளே தண்ணி ஏறலை.

தண்ணி ஆழமாக ஆக அழுத்தம் கூடும்னு பாஸ்கல் எப்பவோ சொல்லிட்டுப் போயிட்டார். 70 சென்டிமீட்டர் தண்ணி, ஒரு மீட்டர் நீளச் சுவரைச் சுமார் 245 கிலோ எடை அளவுக்கு பக்கவாட்டில் தள்ளும். 42 அடிக்கு, அதாவது 12.8 மீட்டருக்குக் கணக்குப் போட்டா மூணு டன்னுக்கு மேல! சாதாரண அரைச் செங்கல் சுவர் ராத்திரி முழுக்க மூணு டன்னைத் தாங்கணும்னா அது சுவர் இல்லை, அணை. அதோட சுவர் வீட்டுப் பக்கமா, மொத்தமா ஒரே திசையில படுத்திருந்தது. விழுந்த செங்கல் மேல வண்டல் படிஞ்சிருந்தது. வயசானதால விழுற சுவர் இப்படி மொத்தமா ஒரே பக்கம் படுக்காது, அங்கங்கே உதிரும்.

எல்லாத்தையும் ஒரே பக்கத்துல எழுதி, போட்டோவோட கம்பெனியோட குறைதீர்க்கும் அதிகாரிக்கு அனுப்பினோம். 'நீங்க மறுத்தா இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போவோம்'னும் மரியாதையா ஒரு வரி. இது மிரட்டல் இல்லை ஃப்ரெண்ட்ஸ், நம்ம உரிமை. கம்பெனி நிராகரிச்சா, இல்லை ஒரு மாசம் ஆகியும் பதில் சொல்லலைன்னா, ஒரு வருஷத்துக்குள்ள ஆம்புட்ஸ்மேன்கிட்ட புகார் தரலாம். ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. 50 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஆபீஸ் சென்னையில இருக்கு.

ஆனா அதுவரைக்கும் போக வேண்டியிருக்கலை. ஜனவரியில, பொங்கலுக்கு முன்னாடி அதே சர்வேயர் திரும்ப வந்தார். என் கணக்கை நின்னுக்கிட்டே படிச்சார். "எந்த காலேஜ்மா?"ன்னு கேட்டார். வேற ஒண்ணும் சொல்லலை. காலி மனைக்குள்ள இறங்கி கறையை அளந்தார். பிப்ரவரியில சுவருக்கு 65,000 சேர்த்து மொத்தம் 2,05,000 ரூபாய்ன்னு லெட்டர் வந்தது.

காசு வந்துச்சு... யாருக்கு?

கதை முடிஞ்சதுன்னு விசில் அடிச்சுடாதீங்க. கிளைமாக்ஸுக்கு அப்புறம் ஒரு ட்விஸ்ட். வீடு அடமானத்துல இருக்கு. அதனால பாலிசியில பேங்குக்கும் உரிமை உண்டு. காசை அவங்க பேர்ல அனுப்பிட்டா, அது நேரா லோன் கணக்குல வரவாகிடலாம். கடன் கொஞ்சம் குறையும், சுவர் தரையிலேயே கிடக்கும்!

அப்பா யூனிஃபார்மோட, ட்யூட்டி முடிஞ்ச கையோட பேங்க் மேனேஜரைப் பார்த்தார். ரிப்பேர் வேலைக்காகத் தொகையைத் தன் சேமிப்புக் கணக்குக்கே அனுப்ப ஆட்சேபனை இல்லைன்னு லெட்டர் கேட்டார். ஒரு இ.எம்.ஐ-கூடத் தவறாத கணக்கு. மேனேஜர் கையெழுத்து போட்டுட்டார். வெளியே வந்து அப்பா என்கிட்ட சொன்னது இதுதான்: "28 வருஷமா எல்லார்கிட்டயும் டிக்கெட் எங்கன்னு கேட்டவன் நான். இன்னிக்குத்தான் என் டிக்கெட்டை நான் எடுத்துக் காட்டியிருக்கேன்."

சரியாத்தான் சொன்னார். இன்ஷூரன்ஸ்ங்கிறது தர்மம் இல்லை. புயல் நிவாரணமா அரசாங்கம் எங்க மாவட்டத்துல பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைகளுக்கு 2,000 ரூபாய் கொடுத்தது. அது அவசரத்துக்கு உதவுற கை. கூரை போடக் காணாது. இது நாம காசு கொடுத்து வாங்கின டிக்கெட். ஆனா, கேட்கும்போது எடுத்துக் காட்டத் தெரிஞ்சாத்தான் சீட்டு.

எங்க தெருவுலயே லோன் போட்ட வீடுகள் இன்னும் அஞ்சு இருக்கு. விசாரிச்சா, மூணு ஃபைல்ல இதே மாதிரி ஒரு வரி. அவங்க யாருக்குமே தெரியலை. ரெண்டு வீட்டுக்கு நானே போன் போட்டுக் கொடுத்தேன். ஒருத்தர் சாமானை எல்லாம் டிராக்டர்ல ஏத்தி அனுப்பிட்டு, சுவத்துக்கு வெள்ளையும் அடிச்சு முடிச்சிருந்தார். அவர்கிட்ட மிச்சம் இருந்தது செல்போன்ல ரெண்டே ரெண்டு போட்டோ. அதை வெச்சே விண்ணப்பிச்சிருக்கார்.

பின்வீட்டு மாடியில வாடகைக்கு இருக்கிற அக்காவோட தையல், கட்டில், டி.வி. எதுக்கும் பாலிசி இல்லை. "வாடகை வீட்டுக்கு எவன் இன்ஷூரன்ஸ் தருவான்?"னு சிரிச்சாங்க. தருவாங்க. கட்டடம் வேண்டாம், வீட்டுச் சாமானுக்கு மட்டும்னு இதே பாலிசியை எடுக்கலாம். ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிற, வேலை பார்க்கிற நம்ம மக்களும் காதுல போட்டுக்கோங்க.

அம்மாவோட 23 பிளவுஸுக்கு யாரும் பணம் தரலை. அந்த ரெண்டு பட்டுக்கு மட்டும் அம்மா, தன் சீட்டுப் பணத்துல இருந்து கொடுத்தாங்க. மத்தவங்க "விடுக்கா, புயல்தானே"ன்னுட்டாங்க. வேற மெஷின் வாங்கியாச்சு, தவணையில. அதுக்குத் தொழில் இன்ஷூரன்ஸ் எவ்வளவு ஆகும்னு இப்போ அம்மாவே விசாரிக்கிறாங்க.

சுவரையும் மேஸ்திரி கட்டி முடிச்சுட்டார். இந்தத் தடவை அடியில ஆறு அடிக்கு ஒரு இடத்துல பைப் துண்டு வெச்சு, தண்ணி வடிய வழி விடச் சொன்னேன். "இன்ஜினீயர் அம்மா சொன்னா சரி"ன்னார். இதுவரைக்கும் எனக்குக் கிடைச்ச ஒரே டிகிரி அதுதான்!

இப்போ எங்க வீட்டுல ஒரு புது வழக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, அப்பா போனைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு ரூமா, வெளிச்சுவர், மாடி, கேட், மெஷின் பில் வரைக்கும் போட்டோ எடுக்கிறார். எனக்கு அனுப்புறார். பாலிசியும் இப்போ என் மெயிலுக்கே வருது. போட்டோல அம்மா வந்துட்டா மட்டும், "நகரு, சுவர் மறைக்குது"ங்கிறார்.

"ஆமா, நாளைக்கு நான் விழுந்தா எதை வெச்சு கிளெய்ம் பண்ணுவீங்களாம்?"னு அம்மா கேட்டாங்க. அப்பா ஒண்ணும் பேசலை. அம்மாவைச் சுவத்துக்குப் பக்கத்துல நிக்க வெச்சு இன்னொண்ணு எடுத்தார்.